ஆதியாகமத்தில் கணக்கு உதைக்கும் இடங்கள்: புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எபிரேய வேதத்தின் முதல் புத்தகத்தைத் தொடர்ச்சியாக வாசிக்க உட்காருபவர், நான்காம் அதிகாரத்தைத் தாண்டுவதற்குள் ஒரு தடவையாவது பின்பக்கம் புரட்டுவார். மனிதனை முதல் அதிகாரத்திலேயே படைத்தாயிற்றே, இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் மறுபடி ஏன் மண் எடுக்கிறார்? சூரியனே நாலாம் நாள்தான் என்றால் முதல் மூன்று நாளும் எப்படி விடிந்தன? காயீனுக்கு வாழ்க்கைப்பட்டவள் யார் மகள்? பேழைக்குள் போனது இரண்டிரண்டா, ஏழேழா?

இந்தக் கேள்விகளெல்லாம் பழையவை. ரபிகளும் சபைப் பிதாக்களும் இவற்றோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். புதியவர் தடுமாறுவது விடை தெரியாததால் அல்ல. நாலு வகைக் கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே விடை தேடுவதால். மூட்டையைப் பிரிக்கும் முறைதான் கீழே இருப்பது. பெயர்களும் அதிகார எண்களும் பழைய மொழிபெயர்ப்பின்படி.

கையில் இருக்க வேண்டியவை

இரண்டு தமிழ் வேதாகமங்கள் கட்டாயம். ஒன்று, சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் முடித்த வடிவம். மற்றது, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். அதில் ஆதியாகமம் 'தொடக்கநூல்' என்ற பெயரில் இருக்கும். எளிய நடைப் பதிப்புகளை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். வாசகருக்கு உதவுவதாக நினைத்து, கூறியது கூறலை வெட்டி, இடறும் வாக்கியத்தை இழைத்துவிடுவார்கள். நாம் தேடுவதே அந்த இடறலைத்தான்.

இரண்டு பதிப்பு கேட்பதற்கு முதல் காரணம் கடவுளின் பெயர். எபிரேயத்தில் 'ஏலோஹிம்' என்பது பொதுச்சொல். நான்கு எழுத்துகளால் ஆன தனிப்பெயர் வேறு. யூதர்கள் அதை வாய்விட்டு உச்சரிப்பதில்லை, ஆய்வாளர்கள் 'யாவே' என்று எழுதுகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் ஏலோஹிம் 'தேவன்', யாவே 'கர்த்தர்'. திருவிவிலியத்தில் ஏலோஹிம் 'கடவுள்', யாவே 'ஆண்டவர்'. எபிரேயம் ஒரு எழுத்துகூடத் தெரியாதவரும் தமிழை வைத்தே மூலத்தில் எந்தப் பெயர் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. பழைய மொழிபெயர்ப்பிலும் 'ஆண்டவர்' வரும். ஆனால் அங்கே அது 'அதோனாய்' என்ற மூன்றாவது சொல்லுக்கு நிற்பது. 15:2-இல் ஆபிராம் 'கர்த்தராகிய ஆண்டவரே' என்று அழைப்பதைப் பாருங்கள். ஒரு பதிப்பின் ஆண்டவரை இன்னொன்றின் ஆண்டவரோடு ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் பிசகிவிடும். ஆகவே ஒரு பயிற்சிக்கு ஒரே பதிப்பு. சரிபார்க்க மட்டும் மற்றது.

இவை தவிர ஒரு நோட்டு, இரண்டு நிறப் பென்சில், 6:5 முதல் 8:22 வரையிலான 64 வசனங்களின் ஜெராக்ஸ்.

புத்தகத்தைத் திறந்ததும் 2:3-க்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் செருகப்பட்டது. பிரித்தவர்கள் ஏழாம் நாளைக் கொண்டுபோய் இரண்டாம் அதிகாரத்தில் வைத்துவிட்டார்கள். முதல் படைப்பு வரலாறு உண்மையில் முடிவது அந்தக் கோட்டில்தான்.

நாலு பெட்டி

இடறும் இடம் வந்ததும் விடை தேடாதீர்கள். கேள்வியை வசன எண்ணோடு ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். 'படைப்புக் கதை முரண்படுகிறது' என்றால் அது கேள்வி அல்ல, புகார். '1:24-27-இல் மிருகங்களுக்குப் பிறகு மனிதன், 2:7, 2:19-இல் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள், ஏன்?' என்று எழுதினால்தான் அதோடு வேலை செய்ய முடியும். பிறகு அது எங்கே பிறந்த கேள்வி என்று பாருங்கள்: மொழிபெயர்ப்பிலா, கையால் படியெடுத்ததிலா, வெவ்வேறு கதைகளை ஒன்றாகக் கோத்த தையலிலா, வாசிப்பவரின் எதிர்பார்ப்பிலா?

மொழிபெயர்ப்பில் பிறந்தவற்றுக்கு நல்ல உதாரணம் 1:26. 'நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக' என்கிறார் கடவுள். யாரிடம் சொல்கிறார்? தமிழில் 'நமது' என்றால் கேட்பவரும் உள்ளே. 'எமது' என்றால் கேட்பவர் வெளியே. எபிரேயத்தில் இந்த வேறுபாடே கிடையாது. ஆக, பக்கத்தில் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணத்தைத் தமிழ்ச்சொல் கொஞ்சம் அழுத்தமாகவே ஊட்டிவிடுகிறது. 'எமது' என்று போட்டிருந்தால் ராஜதோரணை என்று நினைத்துக் கடந்துபோயிருப்போம். ஆனால் எபிரேய நூல்களில் அரசர்கள் பொதுவாகத் தம்மைப் பன்மையில் சொல்லிக்கொள்வதில்லை. கடவுள் தம் பரலோக அவையோடு பேசுகிறார் என்பது ஒரு விளக்கம். யோபு 1:6-ஐயும் 1 இராஜாக்கள் 22:19-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பலம் தெரியும். கிறிஸ்தவ மரபு திரித்துவத்தைக் காண்கிறது. அடுத்த வசனத்திலேயே 'சிருஷ்டித்தார்' என்ற வினை எபிரேயத்தில் ஒருமைக்குத் திரும்பிவிடுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழின் மரியாதை விகுதி அதை மறைத்துவிடும்.

'பேழை'யும் இப்படித்தான். திருவிவிலியத்தில் நோவாவின் பேழை, உடன்படிக்கைப் பேழை இரண்டும் ஒரே சொல். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசுபவர்கள் உண்டு. மூலத்தில் நோவாவுடையது 'தேவா', உடன்படிக்கையுடையது 'அரோன்'; ஒட்டு உறவு இல்லாத சொற்கள். தேவா என்ற சொல் இன்னும் ஒரே ஒரு கதையில் வருகிறது: குழந்தை மோசேயை நைல் நதியில் விட்ட நாணற்பெட்டி, யாத்திராகமம் 2:3. அதற்கும் கீல் பூசுகிறார்கள். அந்த முடிச்சு உண்மையானது; பழைய மொழிபெயர்ப்பில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

எதிர்பார்ப்பில் பிறந்தவற்றில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். காயீனின் மனைவி அந்த வகை. ஆதாமுக்கு வேறு குமாரரும் குமாரத்திகளும் பிறந்தார்கள் என்று 5:4 சொல்கிறது. யூபிலி நூல் என்ற பழைய யூத நூல் அவளைக் காயீனின் சகோதரியாக்கிப் பெயரும் வைத்தது. ஆனால் 4-ஆம் அதிகாரம் சொல்லவந்தது குடும்ப மரத்தை அல்ல. 'என்னைக் கண்டவன் எவனும் கொல்வானே' என்று காயீன் நடுங்குவதிலும், 4:17-இல் ஒரு பட்டணமே கட்டுவதிலும், சுற்றிலும் மனிதர்கள் இருப்பதாகவே கதை எடுத்துக்கொள்கிறது. அதை ஒரு வரியில் குறித்துவிட்டு நகருங்கள். சூரியனுக்கு முந்திய வெளிச்சமும் ஏறக்குறைய இதே. அங்கே கவனிக்க வேண்டியது, எபிரேயத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் பெயர் இருந்தும் முதல் அதிகாரம் இரண்டையும் பெயர் சொல்லாமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்பது. அண்டை நாடுகள் கும்பிட்ட தெய்வங்களை இங்கே விளக்காக ஏற்றிவைக்கிறார்கள்.

மெத்தூசலா எப்போது இறந்தார்?

படியெடுப்பில் பிறந்த கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பயிற்சி கிடைக்காது. 5-ஆம் அதிகாரத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று எண்கள்: மகன் பிறந்தபோது வயது, அதன்பின் வாழ்ந்த ஆண்டு, மொத்தம். புதியவர்கள் மொத்தங்களைக் கூட்டிவிட்டு மலைத்துப்போகிறார்கள். கூட்ட வேண்டியது முதல் எண்ணை மட்டும்.

மெத்தூசலாவுக்கு லாமேக்கு பிறந்தது 187-இல். லாமேக்குக்கு நோவா பிறந்தது 182-இல். வெள்ளம் வந்தது நோவாவின் 600-ஆம் வயதில். கூட்டினால் 969. மெத்தூசலாவின் ஆயுளும் 969. வெள்ள ஆண்டிலேயே இறந்திருக்கிறார், ஒரு வருடம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. மூழ்கிச் செத்தாரா, அதற்கு முன்பே போய்ச்சேர்ந்தாரா என்று நூல் சொல்லவில்லை.

நம் தமிழ்ப் பதிப்புகள் பின்பற்றுவது, யூத அறிஞர்கள் பேணிவந்த மசோரெத்து மரபின் எபிரேயப் பாடம். அதன் முழுமையான மிகப் பழைய படி, 1008-ஆம் ஆண்டின் லெனின்கிராட் சுவடி. கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட செப்துவாகிந்து வேறு எண் சொல்கிறது. அதன் பல படிகளில் மெத்தூசலாவுக்கு 167, லாமேக்குக்கு 188, நோவாவுக்கு 600. கூட்டினால் 955. ஆனால் ஆயுள் அதே 969! பேழையில் ஏறியவர் எட்டே பேர், அவர்களில் இவர் இல்லை; ஆனாலும் வெள்ளம் வந்து 14 வருடம் உயிரோடு இருக்கிறார். சபைப் பிதாக்களான அகஸ்தீனும் ஜெரோமும் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம் இது. சமாரியரின் பாடத்தில் 67, 53, 600: மொத்தம் 720, அங்கே அவர் ஆயுளும் 720. அவருடைய தாத்தா யாரேத்தும், மகன் லாமேக்கும்கூட அதே ஆண்டில் முடிகிறார்கள்.

ஆதாம் முதல் வெள்ளம் வரை மூன்று பாடங்களிலும் கூட்டினால் வரும் எண்கள்: மசோரெத்து 1656, சமாரியர் 1307, செப்துவாகிந்து 2242. (167-க்குப் பதில் 187 உள்ள கிரேக்கப் படிகளில் 2262, யாரோ ஒருவர் அந்த 14 வருடச் சங்கடத்தைத் திருத்தியிருக்க வாய்ப்பு உண்டு.) உலகம் தோன்றிய ஆண்டை யாராவது அடித்துச் சொன்னால், எந்தப் பாடத்தை வைத்து என்று முதலில் கேளுங்கள்.

பென்சில் வேலை: வெள்ளம்

தையலில் பிறந்த கேள்விக்கு இப்போது ஜெராக்ஸை எடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, ஒரே அமர்வில் செய்யுங்கள்.

1. 'தேவன்' வரும் இடமெல்லாம் நீலம், 'கர்த்தர்' வரும் இடமெல்லாம் சிவப்பு. வாக்கியம் முழுவதையும் அல்ல, பெயரை மட்டும்.

2. எண்களைச் சுற்றி வட்டம்: மிருகங்களின் எண்ணிக்கை, நாட்கள், மாதம், தேதி.

3. இரண்டு தடவை சொல்லப்படும் செய்திகளை ஓரத்தில் கோடிட்டு இணையுங்கள். பேழைக்குள் போவது 7:7-இலும் வருகிறது, 7:13-இலும் வருகிறது. 'கட்டளையிட்டபடியே செய்தான்' என்பது 6:22-இல் தேவனுக்கு, 7:5-இல் கர்த்தருக்கு.

4. அதன் பிறகு நீலம் உள்ள இடங்களை மட்டும் தொடர்ச்சியாக வாசியுங்கள். பிறகு சிவப்பு.

என்ன தெரியும்? நீலத்தில் ஒவ்வொரு உயிரிலும் ஒரு ஜோடி (6:19-20). மகா ஆழத்தின் ஊற்றுக்கண்கள் பிளக்கின்றன, வானத்தின் மதகுகள் திறக்கின்றன. 150 நாள் வெள்ளம். தேதி தவறாத நாட்குறிப்பு. பேழைக்கு 300, 50, 30 முழம் என்று அளவு. சிவப்பில் சுத்தமான மிருகங்கள் ஏழேழு, சுத்தமற்றவை ஒரு ஜோடி (7:2), 40 நாள் மழை, தேதி கிடையாது, புறா, கடைசியில் பலிபீடம், தகனபலி. பலிதான் சாவி. ஒரு ஜோடி மட்டும் ஏறி, அதில் ஒன்றைப் பலியிட்டால் அந்த இனமே அற்றுப்போகும். பலி வைத்த கதைக்கு ஏழு தேவைப்படுகிறது. பலி இல்லாத கதைக்கு இரண்டே போதும். ('ஏழேழு' என்பது ஏழு உருப்படியா, ஏழு ஜோடியா என்பது எபிரேயத்திலேயே இரண்டு பக்கமும் சாயும். அது முதல் பெட்டிக்குப் போக வேண்டிய கேள்வி.)

பெயர் மாறுவதை வைத்து ஆதியாகமத்தில் இரண்டு மூல ஆவணங்களைப் பிரித்துக் காட்டி 1753-இல் நூல் வெளியிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் ஜான் அஸ்திரூக். தம் பெயரைப் போடாமல்தான் வெளியிட்டார். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய ஆய்வாளர் வெல்ஹவுசன் அந்த வழியை முழுக் கோட்பாடாக வளர்த்தார். நீல இழையை ஆசாரியர் மரபு என்றும், சிவப்பை யாவே மரபு என்றும் ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்.

ஆனால் பென்சிலை வைத்ததும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 7:8-9-ஐப் பாருங்கள். சுத்தமானது, சுத்தமற்றது என்ற சிவப்புப் பேச்சு, ஆனால் எண்ணிக்கை இரண்டிரண்டு, பெயரோ 'தேவன்'. எந்த நிறத்திலும் ஒட்டாது. 7:16-இல் ஒரே வசனத்துக்குள் தேவன் கட்டளையிடுகிறார், கர்த்தர் கதவை அடைக்கிறார். இரண்டு இழைகளையும் முறுக்கியவர் கை இந்த இடங்களில் நன்றாகத் தெரிகிறது என்பார்கள் ஒரு தரப்பார். ஒரே கதை, ஒரே கை என்பார்கள் யூத ஆய்வாளர் உம்பெர்த்தோ கசூத்தோ போன்றவர்கள். அவர்கள் பக்கத்துச் சிறந்த சான்று நாட்கணக்கில் இருக்கிறது: 7, 7, 40, 150 என்று ஏறி, 150, 40, 7, 7 என்று அதே படியில் இறங்குகிறது, நடுவில் 8:1, 'தேவன் நோவாவை நினைத்தருளினார்'. ஆய்வாளர் கோர்டன் வென்ஹாம் 1978-இல் இதை விரிவாகக் காட்டினார். இழைகள் இரண்டு என்பதும் கோத்தவர் கைதேர்ந்தவர் என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்றே நமக்குப் படுகிறது.

தேதிகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நோவாவின் 600-ஆம் ஆண்டு 2-ஆம் மாதம் 17: தொடக்கம். 7-ஆம் மாதம் 17: பேழை அரராத் மலைகளில் தங்குகிறது. இடையில் 150 நாள். அதாவது மாதத்துக்கு 30 வீதம் ஐந்து மாதம். பிறை பார்த்து எண்ணினால் 147 அல்லது 148-தான் வரும். 10-ஆம் மாதம் 1: மலைச்சிகரங்கள் தெரிகின்றன. 601-ஆம் ஆண்டு 2-ஆம் மாதம் 27: நிலம் காய்ந்தது. 17-இல் தொடங்கி 27-இல் ஏன் முடிகிறது? சந்திர ஆண்டு 354 நாள். அதோடு 11 சேர்த்தால் 365, ஒரு முழுச் சூரிய ஆண்டு. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி இதை அப்போதே சொல்லிவிட்டார். செப்துவாகிந்தில் தொடக்கமே 27-ஆம் தேதி. ஆண்டு நேராக முடிந்துவிடும்.

அதே ராஷியை வைத்து, பொருத்திக்காட்டுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்றும் பார்க்கலாம். சிகரம் தெரிவதற்கு முன்பே பேழை எப்படித் தரை தட்டியது? அவர் கணக்கு: சிகரங்களுக்கு மேல் 15 முழம் நின்ற நீர் 60 நாளில் வடிந்தது, நாலு நாளைக்கு ஒரு முழம். 16 நாளில் நாலு முழம் போக மீதி 11. ஆகவே பேழையின் அடிப்பாகம் 11 முழம் நீருக்குள் அமிழ்ந்திருந்தது. கணக்கு அழகுதான். ஆனால் அது நிற்க வேண்டுமானால் 'ஏழாம் மாதத்தை' மழை நின்ற மாதத்திலிருந்தும், 'பத்தாம் மாதத்தை' மழை தொடங்கிய மாதத்திலிருந்தும் எண்ண வேண்டும். 40 நாளை 150-க்கு வெளியே வைக்கவும் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் நாக்மனிடிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. 40 நாள் 150-க்குள் அடக்கம் என்றார். எந்த விளக்கத்தைக் கேட்டாலும் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: எதைத் தீர்க்கிறது, அதற்காக எதை வளைக்கிறது.

நூலுக்கு வெளியே போவது இதற்குப் பிறகுதான். பழைய மெசப்பொத்தாமியாவின் கில்கமேஷ் காவியத்தின் 11-ஆம் களிமண் பலகையிலும் வெள்ளம் உண்டு. ஆங்கிலேய ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்மித் 1872 டிசம்பர் 3 அன்று லண்டனில் அதை வாசித்துக் காட்டினார். அங்கே படகு நீளம், அகலம், உயரம் மூன்றும் 120 முழமான கனசதுரம். பறவைகள் புறா, தகைவிலான், காகம் என்ற வரிசை. நோவாவிடம் காகம் முதலில், புறா பிறகு. மெசப்பொத்தாமியாவோடு உறவு உண்டு என்று சொல்ல வைப்பது வெள்ளம் என்ற பொதுச் செய்தி அல்ல. மலையில் தட்டி நின்று, பறவை விட்டுப் பார்த்து, இறங்கிப் பலியிடும் அந்த நுணுக்க வரிசை. இந்த அளவுகோலை மறந்தால், நம் கடல்கோள் கதைகளையும் இதோடு கோத்துவிடும் ஆசை வரும்.

ஓரக்குறிப்பு போல ஒலிக்கும் வரிகள்

ஆதியாகமம் உட்பட முதல் ஐந்து புத்தகங்களையும் மோசே எழுதினார் என்பது மரபு. ஆனால் 12:6-இல் 'அக்காலத்தில் கானானியர் தேசத்தில் இருந்தார்கள்' என்று ஒரு வரி. இதை எழுதியவர் காலத்தில் இல்லையா? 36:31 இஸ்ரவேலில் ராஜா வருவதற்கு முந்திய காலத்தைப் பற்றிப் பேசுகிறது. ராஜாக்களை அறிந்தவர்தான் அப்படி எழுத முடியும். 14:14-இல் தாண் என்ற ஊர். அதற்கு அந்தப் பெயர் பின்னால்தான் வந்தது என்று நியாயாதிபதிகள் 18:29 சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் இப்னு எஸ்ரா 12:6-இல் ஒரு இரகசியம் இருக்கிறது என்று கோடிகாட்டி, புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொள்வான் என்ற பொருளில் எழுதினார். மோசேயின் மரணத்தைச் சொல்லும் உபாகமத்தின் கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்ற கருத்து, ரபிகளின் பழைய நூலான தல்மூதிலேயே இருக்கிறது. இத்தகைய வரிகள் கண்ணில் பட்டதும் கடைசிப் பக்கத்தில் பட்டியலாகச் சேர்த்து வாருங்கள். தனித்தனியே பார்த்தால் எதுவும் நிரூபணமாகாது.

தனியாகச் செய்ய ஒன்று

16:16-இல் இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு 86. 21:5-இல் ஈசாக்கு பிறக்கும்போது 100. 21:8-இல் ஈசாக்கு பால்மறக்கிறான். இரண்டு, மூன்று வயது என்று வையுங்கள். அப்படியானால் 21:14-இல் ஆகாரோடு அனுப்பப்படும் இஸ்மவேலுக்கு 16, 17 வயது. ஆனால் அடுத்த வசனத்தில் அவள் 'பிள்ளையை' ஒரு செடியின் கீழே விடுகிறாள். செப்துவாகிந்தில் அவனைத் தோளிலேயே ஏற்றிவிடுகிறார்கள்.

முதலில் 21:14-ஐ இரண்டு தமிழ்ப் பதிப்பிலும் வாசித்து, தோளில் வைக்கப்பட்டது அப்பமும் தண்ணீரும் மட்டுமா, பிள்ளையுமா என்று பாருங்கள். அடுத்து வயது சொல்லும் வசனங்களை மட்டும் எடுங்கள்: 16:16, 17:25, 21:5. அவற்றைப் பென்சிலால் அடைத்துவிட்டு, மீதிக் கதையை மட்டும் வாசியுங்கள். பையனின் வயது இப்போது எவ்வளவு என்று தோன்றுகிறது, கேள்வி எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.